தனக்கா பூசுவதென்றால்: கட்டையா, பொடியா, டப்பா விழுதா?

மரப்பட்டையை நீர்விட்டு இழைத்து முகத்தில் பூசிக்கொள்ளும் பழக்கம் மியன்மாரில் இன்றும் அன்றாட வாழ்க்கையோடு ஒட்டியே இருக்கிறது. சந்தையில் காய்கறி விற்கும் பெண்களின் கன்னங்களிலும், பள்ளிக்குச் செல்லும் சிறுவர் சிறுமியரின் முகங்களிலும், வயலில் வேலை செய்கிறவர்களின் கைகளிலும் காய்ந்து படிந்திருக்கும் அந்த வெளிர்மஞ்சள் பூச்சுக்குத் தனக்கா என்று பெயர். பர்மாவில் வாழ்ந்து 1960களில் தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களின் மூத்த பெண்களுக்கு இந்தப் பெயர் புதிதன்று. இன்று இணையத்தின் வழியாகவும் பயணிகளின் வழியாகவும் தனக்கா பலரிடம் வந்து சேர்கிறது. வாங்க விரும்புகிறவர் கட்டையாகவும், பொடியாகவும், டப்பாவில் அடைத்த விழுதாகவும், தனக்கா கலந்த கிரீமாகவும் அதை வாங்கலாம். நான்கின் உறைமீதும் ஒரே பெயர்தான் அச்சிடப்பட்டிருக்கிறது; ஆனால் தோலின்மீது போய்ச் சேரும் பொருள் நான்கிலும் ஒன்றல்ல. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்க முடிந்தவர் கட்டையும் கல்லும் வாங்கட்டும், முடியாதவர் வேறெதுவும் கலக்காத பொடியை வாங்கட்டும், மற்ற இரண்டையும் மரப்பட்டைப் பூச்சு என்று எண்ணி வாங்க வேண்டாம்.

தனக்கா பெரும்பாலும் நாரத்தை, எலுமிச்சை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முள்மரத்திலிருந்து கிடைக்கிறது. தாவரவியலார் அதை நாரிங்கி கிரெனுலாட்டா என்கின்றனர். ஹெஸ்பெரெதூசா கிரெனுலாட்டா என்ற பழைய பெயரும் ஆய்வுக் கட்டுரைகளில் புழங்குகிறது. நம் ஊர்க் கோயில்களில் மகாவில்வம் என்று போற்றப்படுவதும் இந்த இனமே. மியன்மாரின் நடுவே உள்ள வறண்ட சமவெளியில் இது மிகுதியாக வளர்கிறது. சகாயிங் பகுதியைச் சேர்ந்த ஷ்வேபோவும், மாக்வே பகுதியில் பகோக்குவுக்கு அருகிலுள்ள ஷின்மாதாங் குன்றுப்புறமும் தரமான தனக்காவுக்குப் பெயர்பெற்ற இடங்கள். எது உயர்ந்தது என்பதில் அங்குள்ளவர்களுக்குள்ளேயே போட்டி உண்டு. மரம் மெல்ல வளரக்கூடியது. நல்ல கட்டைக்கு மரம் முப்பத்தைந்து ஆண்டுகளாவது முதிர்ந்திருக்க வேண்டும் என்பது மரபான கணிப்பு. இந்தக் கணிப்பை மனத்தில் வைத்துக்கொண்டால், மிக மலிவாகக் குவிந்து கிடக்கும் பொடியைப் பார்க்கும்போது இது எந்த மரத்திலிருந்து, எத்தனை வயதில் வந்தது என்ற கேள்வி இயல்பாகவே எழும்.

வடிவங்களை ஒப்பிடுவதற்கு முன்னால் தனக்காவிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஏனென்றால் தவறான எதிர்பார்ப்போடு வாங்கினால் எந்த வடிவமும் ஏமாற்றமே தரும். பூசியவுடன் குளிர்ச்சி தெரியும். அது நீர் ஆவியாகும்போது தோலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால் வருவது. காய்ந்த பூச்சு முகத்து எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. சந்தனத்தை நினைவூட்டும் மெல்லிய மணம் சிறிது நேரம் தங்குகிறது. இவை மூன்றும் பூசிய அன்றே யாரும் உணரக்கூடியவை. 2010இல் வெளியான ஓர் ஆய்வு இந்த மரத்தின் தண்டுப்பட்டையைச் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்து, அழற்சியைத் தணிக்கும் தன்மையும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் தன்மையும் அதற்கு இருப்பதாகவும், மரபணுவுக்குத் தீங்கு செய்யும் அறிகுறி தென்படவில்லை என்றும் தெரிவித்தது. இவை மகிழ்ச்சியளிக்கும் முடிவுகளே. ஆயினும் சோதனைக் குழாயில் தெரிந்த ஒரு தன்மை முகத்தில் அதே அளவுக்கு வேலை செய்யும் என்று முடிவுகட்ட இவை போதா.

நிறத்தை வெளுக்கச் செய்யும் என்ற விளம்பரத்தைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது. தனக்காவில் அர்புட்டின் இருக்கிறது, அது கருமையைப் போக்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அர்புட்டின் இருப்பது உண்மை, ஆனால் பட்டையில் இருப்பது மிகமிகச் சிறிய அளவு. மெலனின் உருவாகத் துணைபுரியும் டைரோசினேஸ் என்ற நொதியை இந்தப் பட்டை தடுக்கும் திறனும் மேற்சொன்ன ஆய்வில் இலேசாகவே காணப்பட்டது. நிறம் மாற வேண்டும் என்ற ஆசையோடு தனக்காவைத் தேடுகிறவர் எந்த வடிவத்தையும் வாங்காமல் இருப்பதே நலம். அந்த ஆசையைக் குறிவைத்து விற்கப்படும் டப்பாக்களில்தான் பட்டையல்லாத பொருள்கள் நுழைவதற்கு வாய்ப்பும் அதிகம்.

வெயிலிலிருந்து காக்கும் என்ற நம்பிக்கை இதைவிட வலுவான அடிப்படை உடையது. பட்டையிலுள்ள மார்மெசின் என்ற கூமரின் வகைப் பொருள் புறஊதா ஏ கதிரை உறிஞ்சக்கூடியது; காய்ந்த பூச்சும் ஒரு மறைப்பாக இருந்து கொஞ்சம் ஒளியைச் சிதறடிக்கும். ஆனால் சன்ஸ்கிரீனின் பாதுகாப்பு எண் சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம் வீதம் சீராகப் பூசி அளக்கப்படுவது. கன்னத்தில் வட்டமாகவோ இலை வடிவிலோ தீட்டி, மூக்கின் ஓரத்தையும் காதையும் கழுத்தையும் விட்டுவிடுகிற பூச்சு, வியர்வையில் திட்டுத்திட்டாக உதிர்ந்தும் போகும்போது, அத்தகைய காப்பைத் தருமென எதிர்பார்ப்பது நியாயமன்று. மங்கு இருப்பவர்களும் வெயிலில் நெடுநேரம் நிற்பவர்களும் சன்ஸ்கிரீனை விட்டுவிட்டுத் தனக்காவுக்கு மாறக் கூடாது. இன்னொன்றும் உண்டு: செடிகளில் மார்மெசினிலிருந்தே சோரலென் வகைப் பொருள்கள் உருவாகின்றன, எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயிலில் புண்ணாகிக் கருத்துப்போவது அவ்வகைப் பொருள்களால்தான். தனக்கா அப்படிச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே குடும்பத்து மரம் என்பதால், பூசிக்கொண்டு வெயிலில் போன பிறகு சிவப்போ கருந்திட்டோ தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

இனி கட்டைக்கு வருவோம். கட்டையோடு சௌக் பியின் என்ற வட்டக் கல்லும் வேண்டும். நம் வீட்டுச் சந்தனக் கல்லைப் போன்றதுதான் அது. ஓரத்தைச் சுற்றிச் சிறு வாய்க்கால் செதுக்கியிருப்பதுதான் வேறுபாடு. கல்லின் நடுவில் சில துளி நீர் விட்டு, பட்டை கல்லில் படும்படி கட்டையைப் படுக்கவைத்து, இரு கைகளாலும் பிடித்து வட்டமாக இழைக்க வேண்டும். முதலில் நீர் மட்டும் கலங்கும். பிறகு பால் போன்ற குழம்பு திரளும். இன்னும் கொஞ்சம் இழைத்தால் வெண்ணெய் போல விரலில் ஒட்டும் பதம் வந்துவிடும். மிகுதியான நீர் வாய்க்காலில் இறங்கிவிடுவதால் விழுது நீர்த்துப்போவதில்லை. ஒரு முகத்துக்கு வேண்டிய அளவு சில நிமிடங்களில் கிடைத்துவிடும். பட்டை தேய்ந்து உள்ளிருக்கும் வெண்கட்டை தெரியத் தொடங்கினால், அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுக் கட்டையைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

கட்டையின் முதற்சிறப்பு, அதில் ஏமாற்றுவது கடினம் என்பதே. பட்டையின் கரடுமுரடான தோற்றத்தையும், கட்டையின் எடையையும், இழைக்கும்போது எழும் மணத்தையும் நீங்களே சோதிக்கலாம். உலர்ந்த நிலையில் மணம் தூக்கலாக வந்து, இழைக்கும்போது மங்கிப்போனால் மேலே நறுமணம் பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். இரண்டாவது சிறப்பு, பொருளைக் கெடாமல் காக்கச் சேர்க்கும் பதனச்சரக்கு எதுவும் தேவையில்லை என்பது. இழைத்ததை அப்போதே பூசிவிடுகிறோம், மீந்ததைக் கழுவிவிடுகிறோம். உலர்ந்த கட்டை ஈரம்படாத இடத்தில் நெடுங்காலம் கெடாமல் இருக்கும். ஈரத்தோடு பெட்டிக்குள் மூடிவைத்தால் மட்டும் பூஞ்சை பிடிக்கும்; அப்படிப் பிடித்ததைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம் என்று நினைக்கவே கூடாது. விழுதை எவ்வளவு மென்மையாக்குவது என்பதும் உங்கள் கையில் இருக்கிறது. உணர்ச்சி மிகுந்த தோல் உடையவர்களுக்கு இது சிறிய சலுகையன்று, ஏனென்றால் பொடியில் இருக்கும் நறநறப்பு அவர்களுடைய கன்னத்தைக் கீறிச் சிவக்கச் செய்துவிடும்.

குறைகளும் உண்டு. கல் கனமானது, பயணத்துக்கு ஒத்துவராது. மணற்பாங்கான, பொருக்கு உதிரும் கல்லாக இருந்தால் கல்தூளும் விழுதில் கலக்கும். எனவே கல்லை வாங்கியதும் வெறும் நீர்விட்டு வேறொரு கல்லால் தேய்த்து, தூள் உதிர்வது நிற்கும்வரை கழுவிவிட்டுப் பழக்க வேண்டும். சமையலுக்கு மசாலா அரைத்த கல்லைப் பயன்படுத்தவே கூடாது. மிளகாயின் காரம் கழுவினாலும் கல்லின் துளைகளில் தங்கிவிடும். அதோடு, காலையில் அவசரமாகக் கிளம்பும் வீட்டில் ஐந்து நிமிடம் என்பது சொல்வதற்குத்தான் எளிது.

அப்படிப்பட்டவர்களுக்குப் பொடி உதவும், ஆனால் வாங்குவதில் கவனம் முழுவதையும் செலுத்த வேண்டிய வடிவமும் அதுதான். அரைத்துச் சலித்த பிறகு எந்த மரத்தூளும் ஒன்றுபோலவே தெரியும். தனக்காவோடு விளாமரப் பட்டையும் மற்ற மரங்களின் தூளும் சேர்க்கப்படலாம். டால்க், மாவு, மஞ்சள் நிறமி, செயற்கை நறுமணம் ஆகியவற்றைச் சேர்த்து எடையையும் தோற்றத்தையும் கூட்டவும் முடியும். உறையில் பொருட்பட்டியல் அச்சிடப்படாத பொடியை, அது எந்த ஊரிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்டாலும், நான் முகத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பட்டியலில் மரத்தின் தாவரவியல் பெயர் மட்டும் இருந்தால் நல்ல அறிகுறி. வாங்கிய பிறகு ஒரு சிட்டிகையை வெள்ளைத் தட்டில் நீர்விட்டுக் குழைத்துப் பாருங்கள். உண்மையான பட்டைப்பொடி சற்று மங்கலான, மண்சாயல் கலந்த மஞ்சளாகக் குழையும். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறம் தட்டில் கறையாகப் பிடித்தால் அது மரம் தந்த நிறமன்று. விரல்களுக்கிடையே தேய்க்கும்போது வழுக்கிக்கொண்டு போனால் டால்க் கலந்திருக்கிறது என்று எண்ணலாம். இந்தச் சோதனைகள் பொருளை முழுமையாக நிரூபித்துவிடா, ஆனால் மோசமான கலப்படத்தை வீட்டிலேயே வடிகட்டிவிடும்.

பொடியைக் குழைக்கச் சுத்தமான நீர் போதும். வறண்ட தோல் உடையவர்கள் சில துளி கிளிசரின் சேர்த்துக்கொள்ளலாம். எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. முன்னே சொன்ன காரணத்தால் அதைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியதை ஒரேயடியாகக் குழைத்து வைப்பதும் வேண்டாம். உலர்ந்த பொடியில் உறங்கிக்கிடக்கும் நுண்ணுயிர்கள் நீர் பட்டவுடன் பெருகத் தொடங்கும். குளிர்சாதனப் பெட்டி அதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது.

டப்பாவில் வரும் விழுதின் சிக்கல் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. ஈரமான மரப்பட்டை விழுது மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறதென்றால் அதில் பதனச்சரக்கு இருந்தே தீர வேண்டும். பதனச்சரக்கு என்றாலே தீங்கு என்று நான் கருதவில்லை. பதனச்சரக்கு இல்லாமல் பூஞ்சை வளர்ந்த விழுதைவிட அளவோடு சேர்த்த விழுது எத்தனையோ மேல். ஆனால் இயற்கையான பட்டையை மட்டுமே பூச வேண்டும் என்ற எண்ணத்தோடு வருகிறவர், பதனச்சரக்கும் நறுமணமும் கெட்டிப்படுத்தும் பொருளும் சேர்ந்த ஒன்றைக் கட்டையின் இடத்தில் வைத்துப் பார்ப்பது பொருந்தாது. விழுதைக் காயவைத்து வில்லையாக அழுத்தி விற்பதும் உண்டு. அது விழுதைவிடப் பொடிக்கே நெருங்கியது, பொடிக்குச் சொன்ன எச்சரிக்கைகள் அனைத்தும் அதற்கும் பொருந்தும். பயணத்தில் எடுத்துச் செல்ல இவை வசதியானவை என்பதைத் தவிர வேறு சிறப்பு எனக்குத் தெரியவில்லை.

தனக்கா கிரீம், லோஷன், சோப்பு ஆகியவற்றைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றில் பட்டையின் சாறு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொருட்பட்டியலில் அதன் பெயர் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்பதைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். கடைசி வரியில் வந்தால் அது பெயருக்காகச் சேர்த்தது. பிடித்திருந்தால் கிரீம் என்ற முறையில் பயன்படுத்தலாம்.

மகாவில்வம் நம் மண்ணிலும் வளரும் மரமாயிற்றே, அதன் பட்டையையே உரித்து இழைத்தால் என்ன என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இதை நான் திட்டவட்டமாகத் தடுப்பேன். நின்றுகொண்டிருக்கும் மரத்தின் பட்டையைச் சுற்றிலும் உரித்தால், இலைகளில் உருவாகும் உணவு வேருக்கு இறங்கும் வழி அறுந்து மரமே பட்டுப்போகும். மியன்மாரில் பட்டையைத் தனியே உரித்து எடுப்பதில்லை. முதிர்ந்த மரத்தையோ கிளையையோ வெட்டித் துண்டாக்கியே கட்டையாக விற்கிறார்கள், அதற்கென்றே வறண்ட நிலங்களில் தோட்டமாகவும் வளர்க்கிறார்கள். கோயிலிலும் காட்டுப்புறத்திலும் அரிதாக நிற்கும் ஒரு மரத்தை முகப்பூச்சுக்காகக் காயப்படுத்த எந்த நியாயமும் இல்லை. அடையாளம் தவறி வேறொரு முள்மரத்தின் பட்டையை முகத்தில் பூசிவிடும் ஆபத்தும் இதில் உண்டு.

யாருக்கு எது என்று பார்த்தால், எண்ணெய் வழியும் தோலுக்குக் கட்டையும் பொடியும் இரண்டுமே பொருந்தும். எண்ணெயை உறிஞ்சும் தன்மை அவர்களுக்கு உண்மையான பயனாக அமையும். வறண்ட தோலுக்குக் கட்டையில் இழைத்த மெல்லிய விழுதே ஏற்றது, அதுவும் வாரத்துக்கு ஓரிரு முறை போதும். சீழ் வைத்த பரு, படை, வெடிப்பு, ஆறாத புண் ஆகியவற்றின்மீது எந்த வடிவத்தையும் பூசக் கூடாது. தொற்று உள்ளே போகவும் எரிச்சல் கூடவும் அது வழிவகுக்கும். மருத்துவர் எழுதிக்கொடுத்த பரு மருந்தோ மங்கு மருந்தோ பூசி வருகிறவர்கள் அவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும், ஏனென்றால் ரெட்டினாய்டு போன்ற மருந்துகளால் தோலின் மேலடுக்கு ஏற்கெனவே மெலிந்து எரிச்சலுக்கு ஆயத்தமாக இருக்கும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை என் கண்டிப்பு இன்னும் கூடுதலாகும். மியன்மாரில் கைக்குழந்தைக்கும் தனக்கா பூசுவது வழக்கம்தான், அந்தப் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 2009இல் பர்மிய அகதிக் குழந்தைகள் சிலரின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்ததைப் பற்றி விசாரித்தபோது, வயிற்றுக் கோளாறுக்குக் கொடுக்கப்பட்ட ஒரு நாட்டுமருந்தில் ஈயம் மிக அதிகமாக இருந்தது கண்டறியப்பட்டது. தனக்கா பூசுவதற்கும் ஈயம் மிகுந்திருந்ததற்கும் தொடர்பு இருப்பதாகவும் அந்த ஆய்வு குறிப்பிட்டது. தொடர்பு என்பது காரணம் என்றாகிவிடாது, மரம் ஈயத்தைத் தருகிறது என்றும் பொருளில்லை. எனினும் குழந்தை கையை வாயில் வைக்கும், கன்னத்தில் உதிர்ந்த தூளை விழுங்கும். குறைந்த அளவு ஈயம்கூட வளரும் மூளையைப் பாதிக்கும். எங்கே அரைக்கப்பட்டது என்று தெரியாத பொடியையும் விழுதையும் குழந்தைக்குப் பூசவே கூடாது என்ற முடிவுக்கு இதுவே போதுமான காரணம்.

வடிவத்தைத் தேர்ந்த பிறகு, எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்பது அடுத்த முடிவு. அங்குள்ளவர்கள் நாள் முழுவதும் பூச்சோடு இருப்பார்கள். அது பழகிய தோல், பழகிய தட்பவெப்பம். புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசி, இரண்டு நாள் வரை அரிப்போ தடிப்போ தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டும். தோன்றாவிட்டால் முகத்தில் மெல்லியதாகப் பூசி, பதினைந்து நிமிடத்திலிருந்து இருபது நிமிடம் வரை, ஓரங்கள் வெளுத்து நடுப்பகுதியில் இன்னும் இலேசான ஈரம் இருக்கும்போதே எடுத்துவிடலாம். முற்றிலும் காய்ந்து இறுகிய பூச்சைத் துணியால் தேய்த்து எடுத்தால் தோல் உரசிச் சிவக்கும். முதலில் வெதுவெதுப்பான நீரைத் தெளித்து ஊறவிட்டு, உள்ளங்கையால் மெல்லக் கழுவி, தோலில் ஈரம் இருக்கும்போதே வழக்கமான ஈரப்பதக் கிரீமைப் பூசிக்கொள்ள வேண்டும். பகலில் வெளியே கிளம்புகிறவர் அதன்மேல் சன்ஸ்கிரீனையும் பூசிக்கொள்ளட்டும்.